கேள்வி கேட்கும் மருந்தகம்

பின்வரும் கட்டுரையை வாசித்துக் கருத்துகளை அறிக.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். மலாக்கா மாநிலத்தின் ஜாசின் பட்டணம், பள்ளி விடுமுறைக் காலம், செவ்வாய்க்கிழமைக் காலை. ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், படிவம் நான்கு பயிலும் தம் பேரனுடன் பட்டணத்து மருந்தகத்திற்கு வருகிறார். பாட்டிக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. அவற்றுக்கான மாத்திரைகளை அரசாங்க கிளினிக்கில் பெற்றுக்கொள்கிறார். சர்க்கரையின் அளவைச் சோதிக்கும் பட்டைகளை மட்டும் இந்த மருந்தகத்தில் வாங்குவது வழக்கம்.

“அந்தப் பட்டை இரண்டு பெட்டி கொடும்மா” என்கிறார் பாட்டி.

முகப்பில் நிற்கும் மருந்தாளர் நிமிர்ந்து பார்க்கிறார். “ஒரு பெட்டிதானே வாங்குவீர்கள், பாட்டி? போன வாரம்தானே வந்தீர்கள்?”

“சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதும்மா. தினமும் மூன்று முறை குத்திப் பார்க்கிறேன்.”

“முகமும் கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கிறதே! புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?”

“மருந்தெல்லாம் இல்லை. மூலிகைதான். பேரன் வாங்கிக் கொடுத்தான். முட்டிவலி பறந்தே போய்விட்டது!”

பேரன் பெருமையுடன் தன் திறன்பேசியைக் காட்டுகிறான். “இதுதான் அக்கா. ஏழே நாளில் மூட்டுவலி மறையும் என்று விளம்பரம் வந்தது. கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கினேன்.”

மருந்தாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். “தம்பி, இந்த டப்பாவில் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணே இல்லையே!”

பேரனின் முகம் மாறுகிறது. “அப்படியென்றால் இதை இன்றே நிறுத்திவிடட்டுமா, அக்கா?”

“நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதிலும் ஆபத்து இருக்கலாம். இப்போதே பாட்டியை கிளினிக்கிற்கு அழைத்துப் போ. இந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல். மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன்.”

காட்சி கற்பனைதான், ஆனால், அதில் உள்ள ஆபத்து உண்மையானது. மூட்டுவலியைப் போக்கும் மூலிகை என்று விற்கப்படும் சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் விரைவில் அடக்கிவிடும். அதனால், வாங்கியவருக்கு அது அதிசய மருந்தாகத் தோன்றும். ஆயினும், அதே மருந்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இரத்த அழுத்தத்தைக் கூட்டும். முகத்தை வீங்கச் செய்யும். நாளடைவில் எலும்பைத் தேய்க்கும். நெடுநாள் உட்கொண்டால் உடல் தானே சுரக்க வேண்டிய இயக்குநீரைச் சுரப்பதைக் குறைத்துவிடும். அந்நிலையில் திடீரென நிறுத்தினால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். ஆகவேதான், மருத்துவரிடம் செல்லும்படி மருந்தாளர் வலியுறுத்தினார்.

பேரன் செய்தது அன்பினால் செய்த செயல். இருப்பினும், அவன் பொத்தானை அழுத்தியபோது, “யாருக்காக வாங்குகிறாய்? அவருக்கு வேறு நோய் உண்டா?” என்று இணையக்கடை கேட்கவில்லை. மருந்தகம் கேட்டது. அந்தக் கேள்வியின் மதிப்பைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

மருந்தின் நான்கு கூறுகள்

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆவது அதிகாரம். அதன் இறுதிக் குறளாகிய 950ஆவது குறளில், திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அதன் கருத்து. மருந்து நான்கில் ஒன்று மட்டுமே என்பதை நாம் கவனிக்க வேண்டும். மற்ற மூன்றும் மனிதர்கள்.

இக்கணக்கை இன்றைய வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். மருத்துவர் சில நிமிடங்களே நோயாளியைப் பார்க்கிறார். அதன்பின், மருந்தை எப்பொழுது உண்பது, எதனோடு சேர்க்கக்கூடாது, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்பனவற்றை விளக்கும் பொறுப்பு பெரும்பாலும் மருந்தாளரையே சேர்கிறது. வள்ளுவர் கூறிய நான்காம் கூறின் ஒரு பகுதியை இன்று அவர் ஏற்றுள்ளார் எனலாம். முன்பின் அறியாத விற்பனையாளரிடம் இணையத்தில் மருந்து வாங்கும்போது, நான்கு கூறுகளில் மருந்து மட்டுமே வீடு வந்து சேர்கிறது. வந்தது மருந்துதானா என்பதற்கும் உறுதியில்லை.

தோட்டத்து டிரஸர் முதல் தாமான் மருந்தகம் வரை

மருந்தோடு ஒரு மனிதரும் வேண்டும் என்பதை நம் முன்னோர் தோட்டங்களில் அனுபவித்து அறிந்தவர்கள். 1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வளர்ந்ததன் தொடக்கம் அதுவே. இரண்டு ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் அதைவிடப் பெரிய தோட்டத்தை அவர் உருவாக்கினார். ரப்பர் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தனர். காட்டை அழித்து உருவான தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் பலரின் உயிரைக் குடித்தது.

அக்காலத்தில் தோட்ட மக்கள் நாடிச் சென்றவர் ‘டிரஸர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளர். அவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். காய்ச்சலுக்குக் குவினைன் கொடுத்தார். நோய் முற்றினால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அவர்களின் பணி எவ்வளவு முக்கியமானதாகக் கருதப்பட்டது என்பதற்கு அச்சட்டம் ஒரு சான்று.

தோட்டத்து மருத்துவ வசதி குறைவற்றது என்று கூற முடியாது. டிரஸர் மருத்துவர் அல்லர். அவரிடமிருந்த மருந்துகளும் சிலவே. ஆனால், அவருக்கு லயத்து மக்களைத் தெரியும். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை ஏட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடிய நெருக்கம் அவருக்கு இருந்தது.

காலப்போக்கில் பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்பு நிலங்களாயின. தோட்ட மக்களில் பலர் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா, ஆயர் குரோ போன்ற பட்டணங்களின் தாமான்களில் குடியேறினர். லயம் மறைந்தபோது லயத்தை அறிந்திருந்த மருத்துவ உதவியாளரும் மறைந்தார். அவருடைய இடம் முழுமையாக நிரம்பவில்லை. எனினும், கடைவரிசையில் உள்ள மருந்தகத்தில் நம் பெயரைச் சொல்லி அழைத்து, “கால் புண் ஆறிவிட்டதா, பாட்டி?” என்று கேட்கும் ஒருவர் இருந்தால், அந்தப் பழைய நெருக்கத்தின் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கிறது.

மருந்தாளர் என்பவர் யார்?

மருந்தகத்தின் முகப்பில் நிற்பவரைக் கடைக்காரர் என்று சிலர் எண்ணுகின்றனர். மருந்தாளர் ஆவதற்கு நம் நாட்டில் நான்காண்டு பட்டப்படிப்பை முடிக்க வேண்டும். அதன்பின் ஓராண்டு மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி பெற வேண்டும். 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரே மருந்தாளராகப் பணியாற்ற முடியும்.

மருந்துகளின் விற்பனையை 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மருந்தைப் பற்றிய சட்டத்திற்கு ‘நச்சுப்பொருள்’ என்று ஏன் பெயர்? அளவு மாறினால் மருந்தே நஞ்சாகும் என்பதால்தான். இச்சட்டம் மருந்துகளைப் பிரிவுகளாக வகுக்கிறது. ‘பி’ பிரிவு மருந்துகளை மருத்துவரின் மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே மருந்தகத்தில் வாங்கலாம். ஆண்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளும், நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உரிய பல மாத்திரைகளும் இப்பிரிவைச் சேர்ந்தவை. ‘சி’ பிரிவு மருந்துகளை மருந்துச்சீட்டின்றி மருந்தாளரே வழங்கலாம். ஆனால், வாங்குபவரின் விவரங்களையும் மருந்தின் அளவையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தகத்தில் நம் அடையாள அட்டையைக் கேட்கும்போது சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அது சட்டம் நமக்களிக்கும் பாதுகாப்பு என்பதை உணர வேண்டும். பிழை நேர்ந்தால், யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதை அப்பதிவேடு சொல்லும்.

பாரசிட்டமால், வைட்டமின் போன்ற சில பொருள்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. அவை மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆயினும், அவையும் அளவுக்கு மிஞ்சக்கூடாதவையே. சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை என்று இரு வேறு பெயர்களில் வாங்கும் மாத்திரைகள் இரண்டிலும் பாரசிட்டமாலே இருக்கலாம். இரண்டையும் சேர்த்து உண்டால் அளவு கூடிக் கல்லீரல் பாதிக்கப்படும். இதை எடுத்துச் சொல்ல ஒருவர் எதிரே நிற்க வேண்டும்.

இணையத்தில் மறைந்திருக்கும் ஆபத்து

இணைய வாணிபம் நம் வாழ்வை எளிதாக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை. சட்டை அளவு தவறினால் திருப்பி அனுப்பிவிடலாம். உடலுக்குள் சென்றுவிட்ட மருந்தைத் திருப்பி அனுப்ப இயலுமா?

இணையத்தில் மருந்து வாங்குவதில் மூன்று வகை ஆபத்துகள் உள்ளன. முதலாவது, போலி மருந்து. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து மருத்துவப் பொருள்களில் ஒன்று தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு மதிப்பிட்டது. இணையம்வழி சட்டவிரோதமாக மருந்து விற்போரைப் பிடிக்க, அனைத்துலகக் காவல்துறையான இன்டர்போல் 2008ஆம் ஆண்டு முதல் ‘பாஞ்சியா’ என்னும் நடவடிக்கையை நடத்தி வருகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே வாரத்தில் 92 நாடுகள் இணைந்து நடத்திய அந்நடவடிக்கையில் 113,020 இணைய இணைப்புகள் மூடப்பட்டன அல்லது நீக்கப்பட்டன. ஒரு கடையை மூடினால் வேறு பெயரில் இன்னொன்றைத் திறந்துவிடும் வசதி இணையத்தில் உண்டு. பட்டணத்து மருந்தகத்தால் அப்படி ஓரிரவில் பெயர் மாற்றிக்கொள்ள முடியாது.

இரண்டாவது, மறைக்கப்பட்ட கலப்படம். டெக்சாமெத்தசோன் பற்றி முன்னரே கண்டோம். உடல் இளைக்க உதவும் காப்பி, மூலிகைத் தேநீர் என்று விற்கப்படும் பொருள்கள் சிலவற்றில் சிபுட்ராமின் என்னும் மருந்து கண்டறியப்பட்டுள்ளது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் உண்டாக்கும் அபாயம் கருதி, 2010ஆம் ஆண்டில் பல நாடுகளின் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது. இவ்விளம்பரங்கள் பெரும்பாலும் இளையோரைக் குறிவைப்பவை என்பதால் மாணவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். பல மருந்துப் பெட்டிகளில் ‘30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும்’ என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நிற்கும் வண்டியிலோ வீட்டு வாசற்கதவில் தொங்கும் பையிலோ மருந்து எவ்வளவு சூட்டைத் தாங்கியது என்பதை யார் அறிவார்? கெட்டுப்போன பாலை மூக்கு கண்டுபிடித்துவிடும். வீரியம் இழந்த மாத்திரையைப் பார்வையால் கண்டறிய முடியாது.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் அப்போது பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததாகக் கூறியது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்று கொள்ளலாம். இந்தியர்களிடையே இந்நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. எனவே, நம் வீடுகளில் ஏற்கெனவே மாத்திரை உண்ணும் முதியோர் இருக்கும் வாய்ப்பு மிகுதி. அவர்களில் பலருக்கு இணையத்தில் வாங்கத் தெரியாது. வாங்கித் தருபவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. வீட்டு முதியோரின் மருந்துப் பாதுகாப்பு இன்று இளையோரின் விரல்நுனியில் இருக்கிறது என்றால் அது மிகையாகாது.

விலை என்னும் நியாயமான கேள்வி

“இணையத்தில் விலை குறைவாக இருக்கிறதே! பட்டணத்து மருந்தகம் தொலைவில் இருக்கிறதே!” என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. ஓய்வூதியமின்றி வாழும் முன்னாள் தோட்டத் தொழிலாளர் ஒருவருக்கு ஐந்து ரிங்கிட்டும் பெரிய தொகைதான். தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்திற்கு வரப் பேருந்து குறைவு என்பதும் உண்மை.

இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியிலிருந்து, தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைப் பயனீட்டாளர் காணும்படி காட்ட வேண்டும் என்பது நம் நாட்டில் விதியாகியுள்ளது. ஆகவே, இரண்டு மூன்று மருந்தகங்களின் விலையை ஒப்பிட்டு வாங்கலாம். ஒரே மூலப்பொருள் கொண்ட, ஆனால் விலை குறைந்த பொதுப்பெயர் மருந்து உண்டா என்று மருந்தாளரிடம் கேட்கலாம். அரசாங்க மருத்துவமனையிலும் கிளினிக்கிலும் தொடர் சிகிச்சை பெறுவோர், தங்கள் மருந்துகளை அஞ்சல்வழி பெறும் சேவையைப் பற்றி அங்குள்ள மருந்தாளரிடம் விசாரிக்கலாம். அம்மருந்தும் வீட்டுக்குத்தான் வருகிறது. ஆனால், நோயாளியை அறிந்த மருந்தாளர் சரிபார்த்த பின்னரே வருகிறது. ஆக, அஞ்சலையோ இணையத்தையோ குறை சொல்வதற்கில்லை. அனுப்புபவர் யார், அவர் நம்மை அறிவாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இச்சிக்கல் நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. இந்தியாவில் இணைய மருந்து விற்பனைக்குத் தெளிவான விதிகள் இல்லாத நிலையில், தமிழ்நாட்டின் மருந்து வணிகர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. விதிகள் வகுக்கப்படும்வரை இணையத்தில் மருந்து விற்கக்கூடாது என்று அந்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி உத்தரவிட்டது. அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. இணையத்தை நம்பி மருந்து வாங்குவோரின் வசதியும், நோயாளியின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதும்போது தீர்ப்பு எளிதாக இருப்பதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. தமிழ்நாட்டு அரசு, 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி, குறைந்த விலையில் மருந்து விற்கும் ‘முதல்வர் மருந்தகம்’ என்னும் 1000 கடைகளைத் திறந்தது. விலையைக் குறைப்பதற்கு இணையம் ஒன்றே வழியன்று. அருகிலுள்ள கடையையே மலிவாக்கவும் முடியும் என்பது அம்முயற்சி கூறும் செய்தி.

பயன்படுத்தாத கடை நிலைக்காது

அண்டை மருந்தகத்தைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டு மருந்தகங்களில் மருந்தாளர் கூறும் ஆலோசனைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சொல்கிறார். புண்ணைப் பார்த்து, “இதற்கு மருத்துவரே வேண்டும்” என்று எச்சரிக்கிறார். அந்த நேரத்திற்கான ஊதியம் எங்கிருந்து வருகிறது? பால் மாவு, வைட்டமின், பற்பசை, கட்டுத்துணி, தலைவலித் தைலம் போன்றவற்றின் விற்பனையிலிருந்து வருகிறது. கடை வாடகையும் மின்கட்டணமும் அந்த வருமானத்தையே நம்பியுள்ளன.

இப்போது சிலர் என்ன செய்கின்றனர்? மருந்தகத்தில் கால் மணி நேரம் ஆலோசனை கேட்கின்றனர்; பொருளைப் படம் பிடித்துக்கொள்கின்றனர்; வாசலைத் தாண்டியதும் இணையத்தில் இரண்டு ரிங்கிட் மலிவாக வாங்கிவிடுகின்றனர். ஒருவர் செய்தால் கடைக்குப் பாதிப்பில்லை. பட்டணமே செய்தால் கடை மூடப்படும். பெருநகரில் ஒரு மருந்தகம் மூடப்பட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மெர்லிமாவ், மஸ்ஜிட் தானா போன்ற சிறு பட்டணங்களின் நிலை வேறு. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, விடிந்ததும் மருந்து தேடி ஓடும் தாய்க்கு, நாளை மறுநாள் வந்து சேரும் பொட்டலத்தால் என்ன பயன்?

மருந்தகங்களுக்கும் கடமை உண்டு. நியாயமான விலை வைக்க வேண்டும். மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும். தேவையற்ற சத்து மாத்திரைகளைத் திணிக்கக்கூடாது. மொழி தெரியாத முதியவரிடம் பொறுமை காட்ட வேண்டும். ஆதரவு என்பது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதன்று. நன்றாகச் செயல்படும் மருந்தகத்தைத் தேடி, அதைத் தொடர்ந்து பயன்படுத்துவதே உண்மையான ஆதரவு.

நாம் செய்யக்கூடியவை

முதலில், வீட்டு முதியோர் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். மூலிகை, லேகியம், சத்து மாத்திரை ஆகியவற்றையும் அதில் சேர்க்க வேண்டும். மருந்தகத்திற்குச் செல்லும்போது அத்தாளைக் கையில் எடுத்துச் செல்லலாம். எழுதுவதற்குப் பத்து நிமிடம் போதும். அதனால் விலகும் ஆபத்துகள் பல.

இரண்டாவதாக, மருந்துப் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேட வேண்டும். மூன்று எழுத்துகளை அடுத்து எட்டு எண்களும், பின்னர் ஓர் எழுத்தும் இருக்கும். ‘ஏ’ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ‘எக்ஸ்’ என்றால் கட்டுப்பாடு இல்லாத மருந்து. ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. ‘என்’ என்றால் சத்துணவுப் பொருள். எண் அச்சிடப்பட்டிருந்தால் மட்டும் போதாது. திருடப்பட்ட எண்ணாகவும் இருக்கலாம். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் அகப்பக்கத்தில் அவ்வெண்ணைத் தேடி, பொருளின் பெயர் ஒத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள ஹோலோகிராம் ஒட்டுவில்லையையும் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, “பக்கவிளைவே இல்லை”, “எல்லா நோயும் தீரும்”, “இன்று மட்டும் பாதி விலை” என்று கூறும் விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்க வேண்டும். ஐயத்திற்குரிய பொருளைப் பற்றிச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம்.

நான்காவதாக, தொலைவு தடையாக இருந்தால், நம்மை அறிந்த மருந்தகத்தைத் தொலைபேசியிலோ புலனத்திலோ அழைத்துக் கேட்கலாம். தோட்டப்புறத்தில் அண்டை வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து, பட்டணத்திற்குச் செல்பவரிடம் தேவையைச் சொல்லி அனுப்பலாம். ஒரு வீட்டில் துன்பம் என்றால் லயமே கூடிய பழக்கம் நமக்குப் புதிதன்று.

முடிவுரை

தொடக்கத்தில் கண்ட காட்சிக்கு மீண்டும் வருவோம். பாட்டி கிளினிக்கிலிருந்து திரும்பியிருக்கிறார். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, அந்த மூலிகை மாத்திரையைப் பாதுகாப்பாக நிறுத்தும் வழியைக் கூறியுள்ளார். முட்டிவலிக்கு இயன்முறை மருத்துவமும் ஏற்பாடாகியுள்ளது. பேரன் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான்.

“என்னால்தானே பாட்டி இப்படி ஆனது?” என்கிறான்.

“நீ எனக்கு நல்லது செய்யத்தானே நினைத்தாய், ஐயா. அடுத்த முறை வாங்குவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு” என்று அவன் தலையைத் தடவுகிறார் பாட்டி.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஆள் இருக்க வேண்டுமானால், அந்த ஆள் நிற்கும் கடை நம் பட்டணத்தில் இருக்க வேண்டும். கடை இருக்க வேண்டுமானால், நாம் அதன் படியேற வேண்டும்.

கருத்துணர் வினாக்கள்

1. பாட்டி இரண்டு பெட்டி கேட்டபோது மருந்தாளருக்கு ஏன் ஐயம் எழுந்தது?
2. மூலிகை மாத்திரையை உடனே நிறுத்த வேண்டாம் என்று மருந்தாளர் கூறியதற்கான காரணம் யாது?
3. 950ஆவது குறள் கூறும் நான்கு கூறுகளைக் குறிப்பிட்டு, இணையத்தில் மருந்து வாங்கும்போது அவற்றுள் எவை விடுபடுகின்றன என விளக்குக.
4. தோட்டத்து டிரஸருக்கும் இன்றைய மருந்தாளருக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
5. ‘ஆதரவு என்பது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதன்று.’ இக்கூற்றின் கருத்தை உமது சொந்த நடையில் விளக்குக.
6. தோட்டப்புறத்தில் வாழும் முதியோருக்குப் பாதுகாப்பான மருந்து எளிதில் கிடைக்க நீவிர் பரிந்துரைக்கும் இரண்டு வழிகளைக் காரணத்துடன் எழுதுக.

நடவடிக்கை

உம் வீட்டிலுள்ள மூன்று மருந்துப் பெட்டிகளின் பதிவு எண், காலாவதித் தேதி, வைத்திருக்க வேண்டிய வெப்பநிலை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. பதிவு எண் இல்லாத பொருள் ஏதேனும் இருப்பின், அதைப் பெற்றோரிடம் தெரிவித்து, அருகிலுள்ள மருந்தாளரிடம் காட்டி ஆலோசனை பெறுக.